சோடி விளக்கு முதல் டின்னர் செட் வரை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கல்யாணம், குடிபூரல், வெளிநாட்டுப் பிள்ளைகள் லீவில் வந்து நிற்கும் ஆடி ஆவணி. மட்டக்களப்புக்கும் அக்கரைப்பற்றுக்கும் இடையில் செட் சாமான் விலைபோவது பெரும்பாலும் இந்த மூன்றுக்கும்தான். பித்தளை, கைத்தறி, பாய் இழைக்கும் பன் புல், ஓலை, பீங்கான் என்று வாங்கிக் கொடுப்பதும் ஓடர் எடுத்துச் செய்விப்பதும் எங்கள் வேலை. அதனால் ஒரே கேள்விகள் திரும்பத் திரும்ப வருகின்றன. அவற்றுக்கான பதில்கள் இங்கே. விலை மாதத்துக்கு மாதம் மாறுவதால் அதை எழுதவில்லை.

பெட்டியில் '17 துண்டு டீ செட்' என்று போட்டிருக்கிறது. எண்ணிப் பார்த்தால் குறைகிறதே?

குறையாது, மூடியையும் எண்ணுங்கள். கப் ஆறு, பீரிசு ஆறு, டீ பொட் ஒன்று, பால் சாடி ஒன்று, சீனிக் கிண்ணம் ஒன்று. இது 15. டீ பொட்டின் மூடியும் சீனிக் கிண்ணத்தின் மூடியும் சேர்ந்தால் 17. அதே செட்டைச் சிலர் 15 துண்டு என்றே விற்பார்கள். டின்னர் செட்டிலும் இந்தக் கணக்கு நடக்கும். ஆகவே துண்டுக் கணக்கை விட்டுவிட்டு, எத்தனை பேர் ஒன்றாக இருந்து சாப்பிடலாம் என்று கேளுங்கள்.

இன்னொன்று. கடையில் வரும் டின்னர் செட்டுகளில் பெரும்பாலானவை மேல்நாட்டுச் சாப்பாட்டுக்காக வகுக்கப்பட்டவை. சூப் கோப்பை ஆறு, பாண் வைக்கிற சின்னத் தட்டு ஆறு என்று வரும். நமக்கு வேண்டியது என்ன? விளிம்பு கொஞ்சம் உயர்ந்த சோற்றுக் கோப்பை, நாலைந்து கறிக் கிண்ணம், சோறு போட ஒரு பெரிய பாத்திரம், சொதி ஊற்ற மூக்கு வைத்த ஒரு சாடி. இவ்வளவும் இருந்தால் ஒரு வீட்டுக்குப் போதும். சூப் கோப்பை வட்டிலப்பத்துக்கும் பாயாசத்துக்கும் உதவும், அதை வீண் என்று சொல்ல மாட்டேன். பாண் தட்டுகள்தான் சோகேஸின் மேல் தட்டில் அப்படியே கிடக்கும். முடிந்தால் செட்டாக எடுக்காமல், அதே வடிவத்தில் தனித்தனியாக விற்கும் ரகத்தைப் பார்த்து உங்களுக்கு வேண்டியதை மட்டும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

வட்டா செட் என்று கேட்டால் என்னென்ன தருவீர்கள்?

மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கம் தமிழ் வீடானாலும் முஸ்லிம் வீடானாலும் வருகிறவர்களுக்கு முன்னால் முதலில் வருவது வட்டாதான். காலுள்ள பித்தளைத் தட்டு. அதன்மேல் வெற்றிலை, பாக்கு. பக்கத்தில் சுண்ணாம்புக் கரண்டகம், பாக்குவெட்டி, கீழே துப்புவதற்குப் படிக்கம். வயதானவர்கள் இருக்கும் வீடென்றால் பாக்கு இடிக்க ஒரு சிற்றுரலும் உலக்கையும். முழுச் செட் என்றால் இதுதான்.

எல்லாவற்றையும் ஒரே கடையில், ஒரே பளபளப்பில் வாங்க வேண்டும் என்று யோசிக்காதீர்கள். பழைய வீடுகளில் இருக்கும் நல்ல வட்டா செட்டுகளைப் பார்த்தால் வட்டா ஓரிடத்தில் வார்த்தது, கரண்டகம் வேறிடத்தில் வாங்கியது, பாக்குவெட்டி உள்ளூர்க் கொல்லர் அடித்த இரும்பு. ஆனாலும் யாரும் அதைச் சேராத சாமான் என்று சொல்வதில்லை. ஒரே வேலைக்காக, ஒரே இடத்தில், பல காலம் ஒன்றாகப் புழங்கியதில் அவை சேர்ந்துவிட்டன. புதிதாக வாங்குகிறவர்கள் பார்க்க வேண்டியது அளவைத்தான். வட்டாவின் மேல் தட்டில் வெற்றிலை மடங்காமல் கிடக்க வேண்டும். கடைக்கு வரும்போது நாலு வெற்றிலை கொண்டு வாருங்கள், வைத்தே பார்க்கலாம். அப்புறம் கரண்டகம் வட்டாவின் நடுவில் வைப்பதா, பக்கத்தில் வைப்பதா என்று முடிவு செய்யுங்கள். நடுவில் வைப்பதென்றால் சின்னது போதும். பெரிதாக வைத்தால் வெற்றிலைக்கு இடம் இராது.

வட்டாவைக் கையில் எடுத்துக் கால் சேரும் இடத்தைத் திருப்பிப் பாருங்கள். வார்ப்பு வேலையில் தட்டும் காலும் ஒன்றாகவோ, தடித்த திருகாணியிலோ நிற்கும். மெல்லிய தகட்டு வேலையில் அந்த இடத்தில் பற்றாசு வைத்து ஒட்டியிருப்பார்கள். நாலு தடவை நிறைய வெற்றிலையோடு தூக்கினால் தட்டு ஆடத் தொடங்கும். ஒரு காந்தத் துண்டும் கொண்டு வாருங்கள். பித்தளை காந்தத்தில் ஒட்டாது. ஒட்டினால் உள்ளே இரும்பு, மேலே பூச்சு.

படிக்கத்தை இப்போது பலர் பூச்சாடியாகத்தான் வாங்குகிறார்கள். அது நல்லதுதான். பாக்கு புற்றுநோயை உண்டாக்கும் என்று உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆராய்ச்சிப் பிரிவு 2004 ஆம் ஆண்டிலேயே உறுதியாகச் சொல்லிவிட்டது. மரியாதைக்கு வட்டா வைப்பது வேறு, நாள் முழுக்கப் போட்டு மெல்லுவது வேறு.

குத்துவிளக்குச் சோடி வாங்கும்போது எதைப் பார்ப்பது?

உயரம் ஒன்றா, முகடு ஒன்றா என்று எல்லாரும் பார்ப்பார்கள். திருகாணியை யாரும் பார்ப்பதில்லை. குத்துவிளக்கு அடிப்பாகம், தண்டு, எண்ணெய்த் தட்டு, முகடு என்று பல துண்டுகளாகக் கழன்று வரும். கழுவுகிற நாளில் இரண்டு விளக்கின் துண்டுகளும் ஒரே வாளிக்குள் கலந்துவிடும். கையால் புரி வெட்டிய வேலையில் ஒரு விளக்கின் தண்டு மற்ற விளக்கின் அடியில் ஏறாது. பலமாகத் திருகினால் புரி அழிந்து, விளக்கு சரிந்து நிற்கும். கடையிலேயே இரண்டையும் கழற்றி, மாற்றிப் பூட்டிக் காட்டச் சொல்லுங்கள். ஏறினால் சந்தோஷம். ஏறாவிட்டாலும் பரவாயில்லை, ஒரு விளக்கின் துண்டுகளுக்கெல்லாம் உட்பக்கத்தில் ஆணியால் ஒரு சின்னக் கோடு கீறி வையுங்கள். மற்றதுக்கு இரண்டு கோடு.

இங்கே விற்பனைக்கு வரும் விளக்குகளில் கண்டிப் பக்கத்து வார்ப்பும் உண்டு, தமிழ்நாட்டிலிருந்து வருவதும் உண்டு. நாச்சியார்கோவில் விளக்கு என்று கேட்டு வாங்குகிறவர்களும் இருக்கிறார்கள், அதற்குப் புவிசார் குறியீடு இருக்கிறது. எங்கே வார்த்தாலும் நிறுத்துப் பாருங்கள். ஒரே உயரமுள்ள இரண்டு விளக்குகளுக்குள் நிறையில் பெரிய வித்தியாசம் இருந்தால், பாரம் குறைந்தது காற்றுக்கு ஆடும்.

சோடியில் ஒன்று சுனாமியோடு போய்விட்டது. மற்றதைப் பார்த்து அதே மாதிரி வார்க்க முடியுமா?

2004 டிசம்பர் 26க்குப் பிறகு கல்லடி, மருதமுனை, காரைதீவு, திருக்கோவில் என்று கரையோரமெங்கும் இந்தக் கேள்வி இருந்தது. இப்போதும் வருகிறது. வார்க்கலாம். உங்களிடம் இருப்பதையே கருவாக வைத்து அச்செடுத்து ஊற்றுவார்கள். ஆனால் உருகிய பித்தளை ஆறும்போது சுருங்கும். 2 அடி விளக்கைக் கருவாக வைத்து வார்த்தால் புதியது கால் அங்குலம் முதல் அரை அங்குலம் வரை கட்டையாக வரும். பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் கண்ணுக்குத் தெரியும். வேலை தெரிந்த வார்ப்புக்காரர் கருவை மெழுகில் எடுத்து, தண்டில் அந்தளவைக் கூட்டிவிட்டு வார்ப்பார். ஓடர் கொடுக்கும்போதே இதைக் கேளுங்கள். "அச்சு அசல் அப்படியே வரும்" என்று யோசிக்காமல் சொல்கிறவரிடம் கொடுக்க வேண்டாம்.

என்னைக் கேட்டால், தப்பி வந்த விளக்கைத் தனி விளக்காகவே சாமி அறையின் நடுவில் வையுங்கள். வாசலுக்குப் புதிதாக ஒரு சோடி வாங்குங்கள். பழையதுக்கு இணை தேடி அலைவதில் அதன் பெருமை கூடப்போவதில்லை.

பித்தளை இங்கே ஏன் இவ்வளவு கெதியாகக் கறுக்கிறது?

ஒரு பக்கம் கடல், மறு பக்கம் வாவி. காற்றில் உப்பும் ஈரமும் இருந்தால் பித்தளையில் உள்ள செம்பு கெதியில் நிறம் மாறும். கண்டியில் ஒரு மாதம் மினுங்குவது கல்முனையில் ஒரு கிழமை. புளி போட்டுத் தேய்த்தால் போகும், அது எல்லாருக்கும் தெரியும். புளியில் உள்ள அமிலம் கறுப்பைக் கரைக்கிறது. ஆனால் புளியைப் பூசிவிட்டு மறந்துபோய் இரவு முழுக்க விட்டால் பித்தளையின் மஞ்சள் போய், அங்கங்கே செம்பு நிறத் திட்டு விழும். பூசினோம், தேய்த்தோம், கழுவினோம், துணியால் துடைத்தோம் என்று ஒரே மூச்சில் முடிக்க வேண்டும்.

செட்டாக இருக்கும் பித்தளையை ஒரே நாளில், ஒரே பொருளால் துலக்குங்கள். வட்டாவை இந்தக் கிழமை புளியிலும் படிக்கத்தை அடுத்த மாதம் கடை மாவிலும் துலக்கினால் இரண்டும் வெவ்வேறு மஞ்சளாகத் தெரியும். சிலர் விளக்கின் பளபளப்பு நிற்க வாணிஷ் பூசிக் கேட்கிறார்கள். எரிக்காத அலங்கார விளக்கென்றால் பூசலாம். திரி வைத்து எரிக்கிற விளக்கில் அது கருகி, உரிந்து, பிறகு புளிக்கும் மசியாது.

மருதமுனைக் கைத்தறியில் படுக்கை விரிப்பு, தலையணை உறை, யன்னல் சீலை எல்லாம் ஒரே செட்டாகச் செய்விக்க முடியுமா?

முடியும், மருதமுனைக்குக் கைவந்த வேலை அது. சாரத்துக்குப் பெயர்போன ஊர் என்றாலும் மேசை விரிப்பு, குஷன் உறை, படுக்கை விரிப்பு எல்லாம் நெய்கிறார்கள். ஆனால் எப்படிச் சொல்லிச் செய்விப்பது என்பதில்தான் செட்டின் தலைவிதி இருக்கிறது.

நூலுக்குச் சாயம் போடுவது தொட்டி தொட்டியாக. அதே நீலம், அதே அளவு சாயம், அதே ஆள் போட்டாலும் அடுத்த தொட்டி ஒரு மட்டம் ஏறியோ இறங்கியோ வரும். தனியாகப் பார்த்தால் தெரியாது, கட்டிலில் விரித்துத் தலையணையைப் போட்டால் தெரியும். ஆகவே வேண்டியதை எல்லாம் ஒரே நேரத்தில் சொல்லுங்கள். "இப்போது விரிப்பு மட்டும், யன்னல் சீலையைத் தைப்பொங்கலுக்குப் பார்ப்போம்" என்றால் இரண்டும் சேராது.

பாவு ஒன்றாக இருப்பதுதான் முக்கியம். தறியில் நீளவாக்கில் ஏற்றும் நூல் பாவு, குறுக்கே ஓடுவது ஊடை. ஒரு பாவு ஏற்றுவதுதான் பெரிய வேலை. ஏற்றிவிட்டால் அதிலேயே பல கஜம் நெய்யலாம். இந்த இடத்தில் ஒரு நல்ல வழி இருக்கிறது. பாவை மாற்றாமல் ஊடையை மட்டும் மாற்றினால் துணியின் தோற்றம் மாறும், உறவு மாறாது. உதாரணமாக, நீலமும் வெள்ளையும் கலந்த பாவில் வெள்ளை ஊடை ஓடினால் வெளிர்க் கோடு போட்ட விரிப்பு. அதிலேயே நீல ஊடை ஓடினால் அடர்ந்த நீலத்தில் தலையணை உறை. இரண்டையும் மாறி மாறி ஓட்டினால் கட்டம், அது குஷனுக்கு. அத்தனையும் ஒரே பாவில் பிறந்தவை என்பதால் அக்கா தங்கச்சி மாதிரி இருக்கும், இரட்டைப் பிள்ளைகள் மாதிரி இராது. எல்லாத் துண்டும் அச்சடித்தாற்போல ஒன்றாக இருக்கும் அறை எனக்கு ஹோட்டல் அறையாகத்தான் தெரிகிறது. இது என் ருசி. உங்களுக்கு எல்லாம் ஒன்றாகவே வேண்டுமென்றால் அப்படியும் நெய்வார்கள்.

அகலத்தையும் யோசியுங்கள். தறியின் அகலத்துக்கு மேல் துணி வராது. இரட்டைக் கட்டில் விரிப்புக்குச் சில இடங்களில் இரண்டு துண்டை நடுவில் சேர்த்துத் தைப்பார்கள். கட்டம் போட்ட துணி என்றால் அந்தத் தையலில் விரலை வைத்துக் கீழே வரை போங்கள். இடப்பக்கத்துக் கட்டமும் வலப்பக்கத்துக் கட்டமும் கடைசி வரை நேருக்கு நேர் வர வேண்டும். மேலே சரியாக இருந்து, நடுவில் அரைக் கட்டம் விலகி, கீழே ஒரு கட்டம் தப்பியிருந்தால் நெய்தவர் ஊடையை ஒரே இறுக்கத்தில் அடிக்கவில்லை. கழுவக் கழுவ அது இன்னும் கோணும்.

பருத்தி முதல் கழுவலில் சுருங்கும். தலையணை உறையை அளவெடுத்துக் கச்சிதமாகத் தைத்தால் ஒரு மாதத்தில் தலையணை உள்ளே போகாது. துணியை ஒரு தடவை நனைத்துக் காயவிட்டுப் பிறகு வெட்டச் சொல்லுங்கள். முதல் சில தடவை தனியாகக் கழுவுங்கள், நிழலில் காயப்போடுங்கள். செட்டில் ஒன்றை மட்டும் பாவித்து மற்றதை அலுமாரியில் வைத்தால் பாவித்தது வெளுத்து, வைத்தது புதிதாகவே இருக்கும். எல்லாவற்றையும் சேர்த்தே பாவியுங்கள், சேர்ந்தே வெளுக்கட்டும்.

பன் பாயிலும் செட் உண்டா?

உண்டு. பெரிய பாய், குந்தியிருக்கச் சின்னப் பாய், மேசைக்கு ஆறு துண்டு என்று கேட்டால் இழைத்துத் தருவார்கள். சதுப்பிலும் நீர்நிலைக் கரையிலும் வளரும் பன்னை வெட்டி, காயவைத்து, சாயத்தில் அவித்து இழைப்பது அம்பாறைக் கரையோர ஊர்களிலும் காத்தான்குடிப் பக்கமும் பெரும்பாலும் பெண்களின் கைவேலை. செட்டென்றால் சாயம் ஒரே அவியலில் எடுத்ததா என்று மட்டும் கேளுங்கள். சிவப்பில்தான் வித்தியாசம் அதிகம் தெரியும்.

மேசைத் துண்டின் மேல் ஈரக் கிளாஸ் வைத்தால் சாயம் இறங்கலாம். வாங்கிய அன்றே ஒரு மூலையை ஈர வெள்ளைத் துணியால் துடைத்துப் பாருங்கள். மாரி காலத்தில், ஐப்பசி தொடங்கித் தை வரைக்கும், பாயை மடித்துச் சுவரோடு சாய்த்து வைக்காதீர்கள். மடிப்பில் முறியும், சுவரின் ஈரத்தில் பூஞ்சணம் பிடிக்கும். சுருட்டி, நிலத்திலிருந்து உயர்த்தி, காற்றுப் படும் இடத்தில் வையுங்கள்.

ஒன்றுக்குள் ஒன்று அடங்கும் ஓலைப் பெட்டி அடுக்கு?

இடம் குறைந்த வீட்டுக்கு இதைவிட நல்ல செட் கிடையாது. ஐந்து பெட்டி ஒரு பெட்டியின் இடத்தில் நிற்கும். வாங்கும்போது எல்லாவற்றையும் உள்ளே போட்டு, பிறகு கவிழ்க்காமல் கையால் ஒவ்வொன்றாக எடுத்துப் பாருங்கள். விரல் நுழைய இடமில்லாமல் நெருக்கமாக இழைத்த அடுக்கு பார்க்க வடிவாக இருக்கும், ஆனால் ஒவ்வொரு தடவை இழுக்கும்போதும் விளிம்பு ஓலை வெடிக்கும்.

போன் சைனாவில் உண்மையாகவே எலும்பு இருக்கிறதா?

இருக்கிறது. இதைக் கேட்டுவிட்டு "சும்மா பெயருக்குத்தானே?" என்று ஒரு சிரிப்பும் சிரிப்பார்கள். பெயருக்கு இல்லை. 18 ஆம் நூற்றாண்டின் கடைசியில் இங்கிலாந்தின் ஸ்டோக் பகுதியில் ஜோசையா ஸ்போட் என்பவர் நிலைப்படுத்திய கலவையில் ஏறத்தாழப் பாதி எலும்புச் சாம்பல், பெரும்பாலும் மாட்டெலும்பு. மீதி வெண்களியும் ஒரு வகைக் கல்லும். எலும்பை முதலில் கடும் சூட்டில் வெள்ளைச் சாம்பலாகும் வரை சுட்டுவிடுவார்கள். அந்தச் சாம்பல்தான் பாத்திரத்துக்கு மெல்லிய உடம்பையும் பால் வெள்ளையையும் பலத்தையும் கொடுக்கிறது.

ஆகுமா, ஆகாதா என்று சொல்வது என் வேலை இல்லை. முஸ்லிம் வீட்டார் தங்கள் மௌலவியிடமும், சைவச் சாப்பாட்டு வீட்டார் தங்கள் மனத்திடமும் கேட்டுக்கொள்ள வேண்டியது. நான் செய்யக்கூடியது அடியைத் திருப்பிக் காட்டுவதுதான். போன் சைனா என்றால் பெரும்பாலும் அடி முத்திரையில் அப்படியே எழுதியிருக்கும். எலும்பு வேண்டாம் என்றால் போர்சலின் வாங்குங்கள். மாத்தளையில் நொரிடேக்குக்கும் தங்கொட்டுவவில் அந்த ஊர்ப் பெயரிலேயே உள்ள கம்பனிக்கும் தொழிற்சாலை இருக்கிறது, உள்நாட்டிலேயே நல்ல போர்சலின் கிடைக்கும். ஒரே கம்பனி இரண்டு வகையும் செய்வதுண்டு என்பதால் கம்பனிப் பெயரைப் பார்த்து முடிவெடுக்காமல் முத்திரையை வாசியுங்கள்.

தட்டுகள் தரமானவையா என்று எப்படிப் பார்ப்பது?

ஆறு தட்டையும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, கண்ணை மேசை மட்டத்துக்கு இறக்கிப் பக்கத்திலிருந்து பாருங்கள். இடைவெளி எல்லா இடத்திலும் ஒன்றாக இருக்க வேண்டும். பெரிய தட்டையான தட்டுதான் சூளையில் முதலில் வளையும், நடு இறங்கும். நொரிடேக் நிறுவனம் 1904 இல் ஜப்பானில் தொடங்கியது, ஆனால் முதல் டின்னர் செட்டை 1914 இல்தான் முடித்தது. கப்பும் சாடியும் சரிவந்தன, 25 சென்ரிமீற்றர் தட்டுத்தான் அவர்களை இழுத்தடித்தது. நீங்களும் கப்பின் பூவைப் பார்த்து மயங்காமல் பெரிய தட்டைப் பாருங்கள்.

பொன் விளிம்பு வைத்த செட்டை மைக்ரோவேவில் வைக்கலாமா?

வேண்டாம். விளிம்பில் இருப்பது உலோகம், பொறி பறக்கும், விளிம்பு கருகும். மெலமைன் கோப்பையையும் வைக்கக் கூடாது, அது சூடேறும்போது சாப்பாட்டில் இரசாயனம் இறங்கும்.

செட்டில் ஒன்று உடைந்துவிட்டால்?

உடையும், அதை வாங்கும் நாளிலேயே கணக்கில் எடுங்கள். அடியில் உள்ள கம்பனிப் பெயர், வடிவத்தின் பெயர், இலக்கம் மூன்றையும் போனில் ஒரு படம் எடுத்து வையுங்கள். பெட்டியை எறிந்த பிறகு "பச்சைக் கொடி, சின்னப் பூ" என்று சொன்னால் எந்தக் கடைக்காரருக்கும் விளங்காது. ஆறு பேருக்கு வாங்கும்போது சோற்றுக் கோப்பையை மட்டும் எட்டாக வாங்குங்கள், முதலில் போவது அதுதான். அடிக்கடி ஆட்கள் வரும் வீடென்றால் வெறும் வெள்ளை வாங்குவது புத்தி. பூப்போட்டது இரண்டு வருஷத்தில் சந்தையை விட்டுப் போய்விடும், வெள்ளை போகாது.

கப்பைக் கப்புக்குள் போட்டு அடுக்காதீர்கள். பிடியில் வெடிப்பு வருவது அதனால்தான். தட்டுகளுக்கிடையில் பழைய சாரத் துண்டு ஒன்று போதும்.

சஹன் செட்டுக்கு என்ன கணக்கு?

சஹன் என்பது முஸ்லிம் வீட்டு விருந்தில் பலர் ஒன்றாகச் சாப்பிடும் பெரிய தட்டு. ஒன்றுக்கு ஆறு பேர் சுற்றியிருந்து சாப்பிடுவது வழக்கம். ஆகவே 60 பேர் என்றால் பத்துச் சஹன். ஒவ்வொன்றுக்கும் கறிக் கிண்ணங்கள், தண்ணீருக்குச் சாடி, கீழே விரிக்கத் துணி, கை கழுவக் கெண்டியும் படிக்கமும். கெண்டியும் படிக்கமும் சஹனுக்கு ஒன்று வேண்டாம், சுற்றி எடுத்துப் போக இரண்டு சோடி போதும். சஹன்கள் எல்லாம் ஒரே விட்டத்தில் இருப்பது முக்கியம், பரிமாறும்போது அளவு பிசகாது.

கல்யாணத் தட்டங்கள் எத்தனை வைப்பது?

ஒற்றை எண்ணில் வைப்பது வழக்கம். ஐந்து, ஏழு, ஒன்பது. தட்டங்கள் எல்லாம் ஒரே அளவாக இருக்கத் தேவையில்லை. சீலைக்கும் பழத்துக்கும் பெரியது, மஞ்சள் குங்குமத்துக்குச் சின்னது.

அம்மாவின் செட்டை மூன்று பெண்பிள்ளைகளுக்கு எப்படிப் பிரிப்பது?

இங்கே வீடு பெண்பிள்ளைக்குப் போகும் ஊர். தமிழரிலும் முஸ்லிம்களிலும் அப்படித்தான். அம்மாவின் சாமானும் மகள்மாருக்குத்தான். அதனால் இந்தக் கேள்வி மற்ற ஊர்களைவிட இங்கே அதிகம். சிலர் பிரித்துவிட்டு வந்து கேட்பார்கள்: "ஆளுக்கு நாலு கோப்பை எடுத்தோம், ஒருவருக்கும் உதவவில்லை. என்ன செய்யலாம்?"

பிரித்தால் வேலை கெடும் சாமான், பிரித்தாலும் கெடாத சாமான் என்று முதலில் இரண்டாகப் போடுங்கள். சோடி விளக்கு, வட்டாவும் கரண்டகமும், ஓலைப் பெட்டி அடுக்கு, டீ செட் இவையெல்லாம் முதல் வகை. ஒருவரிடமே போகட்டும். அண்டா, குடம், தாம்பாளம், விரிப்புகள் இரண்டாம் வகை. தனித்தனியே போனாலும் வேலை செய்யும். பிறகு முதல் வகையை ஆளுக்கொரு செட்டாகக் கொடுங்கள். விளக்குச் சோடி ஒரு மகளுக்கு, வட்டா செட் இன்னொரு மகளுக்கு, பீங்கான் மூன்றாமவளுக்கு. விலை சமமாக வராது. அதை இரண்டாம் வகைச் சாமானில் சரிக்கட்டலாம்.

விளக்கு எந்த வீட்டுக்கு என்பதில்தான் மனஸ்தாபம் வரும். அம்மா கடைசி வரை எந்த வீட்டில் விளக்கேற்றினாரோ அந்த வீட்டிலேயே இருக்கட்டும் என்று பெரியவர்கள் சொல்வதை நானும் ஒப்புக்கொள்கிறேன். மற்ற இருவரும் நாள் விசேஷத்துக்கு அதைக் கேட்டு எடுத்துப் போகலாம் என்று அம்மா இருக்கும்போதே எல்லார் முன்னாலும் பேசிவைத்தால் இன்னும் நல்லது. பெரிய டின்னர் செட்டைப் பிரித்தே ஆக வேண்டும் என்றால் ஆளுக்கு நாலு என்று எண்ணாமல், சாப்பாட்டுச் செட் ஒருவருக்கு, தேநீர்ச் செட் ஒருவருக்கு, பரிமாறும் பாத்திரங்கள் ஒருவருக்கு என்று வேலையால் பிரியுங்கள். ஏற்கெனவே ஆளுக்கு நாலாகப் பிரித்தவர்கள், நாலு கோப்பையோடு அதே நிற விளிம்புள்ள வெள்ளைக் கோப்பை நாலைச் சேர்த்து மாறி மாறி அடுக்குங்கள். மேசையில் அது வேண்டுமென்றே செய்தது போலவே இருக்கும்.

வெளிநாட்டுக்கு அனுப்பலாமா?

பித்தளையும் துணியும் பிரச்சினை இல்லை, பித்தளைக்குப் பாரம்தான் காசு. விளக்கைக் கழற்றி, ஒவ்வொரு துண்டையும் தனியாகச் சுற்றி, திருகாணிப் புரிக்குள் கடதாசி அடைத்து அனுப்புகிறோம். பீங்கானைக் கையில் கொண்டு போவதுதான் உத்தமம். பன்னும் ஓலையும் செடியில் வந்த சாமான் என்பதால் அவுஸ்திரேலியாவுக்குக் கொண்டு போகிறவர்கள் இறங்கும்போது கொடுக்கும் பத்திரத்தில் கட்டாயம் எழுதிக் காட்ட வேண்டும். பூச்சி, விதை, மண் ஒட்டியிருந்தால் பிடித்து வைப்பார்கள். போகுமுன் பாயை விரித்துத் தட்டி, பெட்டியின் மூலைகளைத் தூரிகையால் துடைத்து, ஒரு நாள் நல்ல வெயிலில் வைத்து எடுங்கள். சாயம் போட்டதென்றால் அரை நாள் போதும்.